மகமை வந்த வழி

நம் உறவின்முறைச் சங்கத்தின் கல்வி நிதிக்குரிய இணையதளம் சென்ற ஆவணித் திங்களிற் புதுக்கப்பெற்றதை அன்பர்கள் அறிவார்கள். கைப்பேசியிலேயே அதனைத் திறந்து, இரண்டு மூன்று முறை விரலால் தொட்ட அளவிற் பொருள் செலுத்தலாம்படி இப்பொழுது அமைந்துள்ளது. அதனைக் கண்ட முதியவர் ஒருவர், "வாத்தியார் தம்பி, தர்மம் பண்ணுவதை இவ்வளவு சுளுவாக்கிவிட்டால் அதற்கு மதிப்பு இருக்குமா?" என்று எம்மை வினவினார். கொடுப்பவன் சிறிதேனும் வருந்திக் கொடுத்தாற்றான் அஃது அறமாகும் என்பது அவர் கொள்கை. அன்று அவர்க்கு விடைகூற எம்மால் இயலவில்லை. இல்லம் மீண்டு பழைய செய்திகளைத் திரட்டி நோக்கிய பின்னரே, கொடையை எளிதாக்கும் வழியை முதலிற் கண்டவர் இக்காலக் கணிப்பொறியாளர் அல்லர், நம் பாட்டன்மாரும் பாட்டிமாருமே என்பது எமக்குப் புலனாயிற்று. அவர் வினாவிற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மகமை என்னுஞ் சொல்லை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். மகிமை என்று எழுதுவாரும் உளர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்னும் ஆறு ஊர்களிலும் நாடார் குலத்து வணிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குடியேறி நிலைத்த காலத்து, அவர்க்கு அரணாக நின்றவை பேட்டைகள். பேட்டை யென்பது சுற்றுமதில் உடைய பெரிய வளாகம். வண்டி அவிழ்க்க இடமும், மாட்டிற்குத் தண்ணீரும், சரக்கிற்குக் காவலும் அங்கே உண்டு. பருத்தியும் கருப்பட்டியும் பிறவும் அங்கு வந்து இறங்கி விலையாகும். விலைபேசி முடிந்த அவ்விடத்திலேயே, மூடைக்கு இவ்வளவு என்று முன்னரே வகுத்த ஒரு சிறு கூறு பொதுப்பெட்டிக்குப் பிரிந்துவிடும். இதுவே மகமை. கோயிலும் கிணறும் சத்திரமும் பள்ளியும் அப்பெட்டியினின்று எழுந்தவை.

இதன்கண் உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. மகமை கொடுப்பதற்கென்று வணிகன் தனியே ஒரு நாள் குறிக்க வேண்டுவதில்லை. எவரிடத்தும் நடந்து செல்லவேண்டுவதில்லை. கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தன் மனத்தோடு வழக்காட வேண்டுவதுமில்லை. பணம் கைமாறுகின்ற அந்த நொடியிலேயே, அது தன் பையிற் புகுமுன்னரே, அறத்தின் பங்கு பிரிந்துவிட்டது. பையிற் புகுந்த பணத்தை வெளியே எடுப்பது எத்துணை அரிது என்பதை அவ்வணிகர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

இவ்வழக்கம் நம் முன்னோர் புதிதாகப் படைத்ததன்று என்பதையும் கூறல் வேண்டும். இற்றைச் சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலில், பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த கல்வெட்டொன்று உளது. பல ஊர் வணிகரும் கூடி, தாம் வாங்கி விற்கும் சரக்கின்மேல் இவ்வளவு என்று வகுத்துக் கோயிற் பணிக்குக் கொடுக்க இசைந்த செய்தியை அது கூறுகின்றது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், இரும்பு, பருத்தி, நூல், புடைவை என்று அப்பட்டியல் நீளும். அக்கொடைக்குப் பட்டணப்பகுடி என்பது பெயர். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. ஒருவனிடம் பெருந்தொகை கேட்பதை விடுத்து, ஓடுகின்ற வாணிகத்தில் ஒரு துளியை வாங்குவது அவ்வணிகர் கண்ட முறை.

தமிழ் கற்றார்க்கு இங்கே ஓர் எண்ணம் தோன்றும். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், அதற்கு முன்னே ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரம் வைத்தார். வறியவன் ஒருவனைக் கண்டு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு கூடி வாழ்வான் ஒருவன் ஊருக்குச் செய்யும் கடமை ஒப்புரவு. மகமை ஈகையைச் சார்ந்ததன்று, ஒப்புரவைச் சார்ந்தது. ஈகையிற் கொடுப்பவனுடைய மனவருத்தமும் மனவிரிவும் பேசத்தக்கன. ஒப்புரவில் அவற்றிற்கு இடமில்லை. ஊருணியில் நீர் நிறைவதற்கு மழை வருந்திப் பெய்தது என்று எவரேனும் கூறுவரோ? முதியவர்க்கு யாம் கூறக்கருதிய முதல் விடை இது.

இனி, மகமை ஆடவர் கொடை. அதனோடு உடன்பிறந்த பெண்டிர் கொடை ஒன்றுண்டு, அதுவே பிடியரிசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விருதுபட்டியில் நம்மவர் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் தோற்றுவித்தனர். அந்நாளில் நம் பிள்ளைகளை அயலார் பள்ளிகளில் எவ்வாறு நடத்தினர் என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமக்கென ஒரு பள்ளி வேண்டும் என்று துணிந்தவர்க்கு, அதனைத் தொடங்குதல் எளிதாயிற்று, திங்கள்தோறும் ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்தல் அரிதாயிற்று. அதற்கு அவர்கள் மகமையோடு கூட்டியது பிடியரிசியை. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியினின்று ஒரு பிடி எடுத்து, அடுப்படியிலுள்ள தனிக் கலயத்தில் இடுவது ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாயிற்று. குறித்த நாளிற் சங்கத்தார் வீடுதோறும் வந்து அதனைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குச் செலவிட்டனர். 1903-இற் பிறந்த காமராசர் அப்பள்ளியிற் படித்தவர் என்பதும், அவர் முதலமைச்சராயிருந்த 1956-இல் பள்ளிப் பிள்ளைகட்கு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது என்பதும் யாவரும் அறிந்தவை.

பிடியரிசியின் நுட்பத்தை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகின்றது. ஒரு பிடி குறைந்தால் அந்த வேளைச் சோற்றில் எவர்க்கும் குறை தோன்றாது. கலயம் அடுப்படியிலேயே இருக்கின்றது, ஆதலின் மறக்கவும் வழியில்லை. பணத்தைத் தொடாத பெண்டிர்க்கும், கணவனைக் கேளாமலே தம் கையாற் கொடுக்கும் உரிமை அதனால் வந்தது. நம் நாட்டின் வடகிழக்கெல்லையில், மிசோரம் மலைநாட்டுக் கிறித்தவப் பெண்டிரும் 1910 முதல் இவ்வாறே சமைக்குந்தோறும் கைப்பிடி அரிசி எடுத்துவைத்துத் தம் சபையை வளர்த்து வருகின்றனர். ஒருவரையொருவர் அறியாத இரண்டு நாட்டு அடுப்படிகளில் ஒரே எண்ணம் தோன்றியமை நினைக்க இனிதாயிருக்கின்றது.

ஆயினும் பழமை யாவும் நன்றே என்று கூற யாம் முற்படவில்லை. மகமை பெயரளவில் மனமுவந்த கொடை. செலுத்தாதவன் உறவின்முறையின் தீர்ப்பிற்கு உட்பட்டான். வீட்டு நன்மை தீமைகட்கு ஊர் வாராது ஒதுங்குமாயின் எவன் தாங்குவான்? பெண்டிர் செய்தி இன்னும் வருந்தத்தக்கது. கலயத்தில் அரிசியிட்ட கைகள் அவர்களுடையன. கணக்குப் படிக்கும் கூட்டத்தில் அமர்ந்தவர் அவர்களல்லர். எம் பாட்டியார் நாள்தோறும் பிடியரிசி எடுத்துவைத்தவர் என்று எம் தந்தையார் கூறக் கேட்டிருக்கின்றோம். அவர் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

வணிகம் ஆறு ஊர்களைக் கடந்து தமிழ்நாடெங்கும் பரவியபோது, பேட்டை வாயிலில் நின்று மகமை பிரிப்பது இயலாததாயிற்று. 1910-இல் பொறையாற்றில் நாடார் மகாஜன சங்கம் கூடியதும், 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி எழுந்ததும் அப்பரவலின் விளைவுகளே. அவ்வங்கி 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. இடையிற் கைகொடுத்தது அஞ்சல் நிலையம். 1880 முதல் இந்நாட்டு அஞ்சலகங்கள் மணியார்டர் அனுப்பும் பணியை ஏற்றன. நம் சங்க அலுவலகத்திற்கும் பல்லாண்டு அவ்வழியே கொடை வந்தது. மணியார்டர்த் தாளின் அடியில் இரண்டொரு வரி எழுத இடமிருந்தது. "என் தாயார் நினைவாக", "பேரன் பிறந்த மகிழ்ச்சிக்கு" என்று அவ்விடத்தில் எழுதிய துண்டுகள் ஒரு தகரப்பெட்டி நிறைய இன்றும் அலுவலகத்தில் உள்ளன. பின்னாளில் அதற்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் கூலி யிருந்தது. ஐம்பத்தொரு ரூபாய் அனுப்புவான் மூன்று ரூபாய் கூலியும், அஞ்சலக வரிசையில் அரைநாளும் கொடுத்தல் வேண்டும். பெருந்தொகை அனுப்புவார்க்கு இது பொருட்டன்று. சிறுதொகையார் மெல்ல நின்றுபோயினர்.

இப்பொழுது எம் குற்றத்தைக் கூறும் இடம் வந்தது. 2014-இல் நம் சங்கத்திற்கு முதன்முதல் ஓர் இணையதளம் அமைத்தபோது, கொடைப்படிவத்தை வகுத்தவருள் யாமும் ஒருவர். பதினொரு வினாக்களை அதில் வைத்தோம். பெயர், தந்தை பெயர், பூர்வீக ஊர், தொழில், பான் எண் என்று அது சென்றது. அனைத்தையும் நிரப்பினாலன்றிப் பணம் செலுத்தும் பக்கம் திறவாது. ஓடிபி வரச் சற்றுத் தாழ்த்தால் மீண்டும் முதற்பக்கத்திற்கே கொண்டுபோய் விட்டுவிடும். முகப்பில் நிர்வாகிகளின் பெரும் புகைப்படம் ஒன்று இருந்தது. கைப்பேசியில் அப்படம் முழுதும் தோன்றுதற்குள் வெற்றிலை போட்டு முடிக்கலாம். இவையன்றி, புலவர் என்ற முறையில் யாம் செய்த தொண்டு ஒன்றும் உண்டு. ஆங்கிலச் சொல்லே கூடாதென்று கருதி, இறுதிப் பொத்தானுக்கு "ஒப்படைக்க" என்று பெயரிட்டோம்.

2020-இல் பெருந்தொற்று வந்து, இளைஞர்கள் வீடுதோறும் சென்று நிதி திரட்டும் வழக்கம் நின்றது. எல்லோரும் இணையதளத்திற் செலுத்துக என்று அறிக்கை விடுத்தோம். ஆண்டிறுதியில் நிதி வெகுவாகச் சுருங்கிவிட்டது. செவிலியர் பயிற்சிக்கு இடம் பெற்ற பெண் ஒருத்தியிடம், "அடுத்த ஆண்டு பார்ப்போம், அம்மா" என்று கூறியனுப்ப நேர்ந்தது. கூறியவர் யாமே. அடுத்த ஆண்டு அவள் வரவில்லை.

மனமிலாமையாற் கொடை குறைந்தது என்றே சங்கத்தார் பலரும் எண்ணினர், யாமும் அவ்வாறே எண்ணினோம். எம் தெருவில் இட்டலிக் கடை நடத்தும் அம்மையார் ஒருவர் எம் எண்ணத்தைத் திருத்தினார். வீட்டு வாயிலில் வந்து கேட்ட காலமெல்லாம் திங்கள்தோறும் ஐம்பது ரூபாய் தவறாது கொடுத்தவர் அவர். இப்போது ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டபோது, கடையில் ஒட்டியிருந்த கியூஆர் கோட்டைக் காட்டி, "அண்ணாச்சி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட இதைக் காட்டிப் பத்து ரூபாய் போட்டுவிட்டுப் போகிறார்கள். உங்கள் சங்கத்திற்கு மட்டும் எதற்கு இத்தனை கேள்வி?" என்றார். எமக்கு நாணம் மேலிட்டது.

அவர் கடையில் நிகழ்வது மகமையின் மறுபிறப்பே என்பதை அன்றிரவு உணர்ந்தோம். அந்தச் சதுரக் குறியை 1994-இல் சப்பான் நாட்டு டென்சோ நிறுவனத்தார், கார் உறுப்புகளை எண்ணி அடையாளங் காண்பதற்காகப் படைத்தனர். 2016 ஏப்ரலில் நம் நாட்டில் யுபிஐ என்னும் பணமாற்று முறை அறிமுகமாயிற்று. அவ்வாண்டு நவம்பரிற் பெருநோட்டுகள் செல்லாவாயினபின் அது கடைவீதியெங்கும் பரவத் தொடங்கியது. 2020 சனவரி முதல் இவ்வழியிற் பெறும் பணத்திற்கு வணிகரிடம் கட்டணம் கொள்ளுதல் விலக்கப்பட்டது. எனவே ஐம்பத்தொரு ரூபாய் அனுப்பினால் ஐம்பத்தொன்றும் வந்து சேர்கின்றது. மணியார்டர்க் காலத்தில் நாம் இழந்த சிறுதொகையாரை மீட்கும் வழி கண்முன்னே திறந்திருந்தது. நம் படிவம் அவ்வழியை அடைத்துக்கொண்டு நின்றது.

புதுக்கும் பணியை நம் ஊரிற் கணிப்பொறி கற்ற இளைஞரும் நங்கையுமாக இருவர் ஏற்றனர். அவர்கள் செய்த முதற்செயல் எமக்குப் புதுமையாயிருந்தது. பழைய தளத்தை முதியவர், இல்லத்தரசியர், கடைக்காரர் என ஆறு பேர் கையிற் கொடுத்து, நூறு ரூபாய் செலுத்துமாறு கூறி, ஒன்றும் உதவாமல் அருகே அமர்ந்து பார்த்தனர். இருவர் பான் எண் கேட்டவிடத்தில் நிறுத்திவிட்டனர். ஒருவர்க்கு எழுத்தே தெரியவில்லை. இட்டலிக் கடை அம்மையார் இறுதிவரை வந்து, எம் பொத்தானை நோக்கி, "ஒப்படைக்க என்றால் எதை ஒப்படைக்கச் சொல்கிறது?" என்று அஞ்சிக் கையை எடுத்துக்கொண்டார். வீட்டுப் பத்திரத்தைக் கேட்கின்றதோ என்று எண்ணினாராம்! அவ்விடத்தில் இப்பொழுது "பணம் அனுப்பு" என்று இருக்கின்றது. இலக்கண வழு ஒன்றுமில்லை.

புதிய பக்கத்தில் முதலிற் காண்பது, இவ்வாண்டு நிதி எதற்குச் செலவாகின்றது என்னும் இரண்டு வரி. அதன்கீழ் 51, 101, 501 என்று தொகைகள். வேறு தொகை எழுத ஓரிடம். தொட்டவுடன் கைப்பேசியிலுள்ள பணச்செயலி தானே திறக்கும். தந்தை பெயரும் பூர்வீக ஊரும் போயின. வருமான வரிச்சலுகைச் சான்று வேண்டுவார்க்கு மட்டும் பான் எண் கேட்கும் பகுதி தோன்றும். ரொக்கமாக இரண்டாயிரம் ரூபாய்க்கு மேற்பட்டுக் கொடுத்தால் அச்சலுகை கிட்டாதென்பது 2017 முதல் உள்ள விதியாதலின், பெருந்தொகையாரும் இவ்வழியை நாடுதல் நலம். மணியார்டர்த் துண்டுகளை அவ்விருவர்க்கும் காட்டியதன் பயனாக, "யார் நினைவாக?" என்றொரு சிறு கட்டமும் சேர்ந்தது. விரும்பினால் நிரப்பலாம். எமக்கு இப்பக்கத்தில் மிகவும் உவப்பானது அதுவே.

திங்கள்தோறும் தானே பணம் பிரியுமாறு செய்யும் வசதி 2020-இல் யுபிஐயில் வந்தது. பிடியரிசிக் கலயத்திற்கு இதனினும் அணுக்கமான ஒன்றை யாம் கண்டிலோம். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னரே கொடுப்பார்க்கு அறிவிப்புச் செல்லும், எந்நேரமும் நிறுத்திக்கொள்ளலாம். பழைய மகமையில் இல்லாத உரிமை இது. பட்டன் போன் உடையார்க்கும் 2022 முதல் யுபிஐ வழி திறந்துள்ளது. எனினும் அது பழகாதவர் பலர் உளராதலின், முதல் ஞாயிறுதோறும் இளைஞர்கள் வீடுவீடாகச் செல்லும் வழக்கத்தையும் மீண்டும் தொடங்கியிருக்கின்றோம்.

வெளிநாட்டிலுள்ள அன்பர்கட்கு ஒரு சொல். இந்தியக் குடியுரிமை உடையவர் அயல்நாட்டிலிருந்து வங்கிவழி அனுப்பும் சொந்தப் பணம் அயல்நாட்டுக் கொடையாகாது. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுப்பது, நம் குலத்தவரேயாயினும், 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அயல்நாட்டுக் கொடையாகும். அதனைப் பெறத் தனிப்பதிவு வேண்டும், நம் சங்கத்திற்கு அஃதில்லை. மலேசியா, சிங்கப்பூர் அன்பர்கள் இதனைத் தவறாகக் கொள்ளலாகாது. மற்றொன்று. கடைகளில் ஒட்டிய கியூஆர் கோட்டின்மேல் வேறொன்றை ஒட்டி ஏமாற்றுவார் உளர். பணம் அனுப்புமுன் சங்கத்தின் பெயர் திரையிற் சரியாகத் தோன்றுகின்றதா என்று பாருங்கள். பணம் பெறுவதற்குப் பின் எண் கேட்பவன் எவனாயினும் அவன் கள்வனே.

சங்கத்திற் பெரிய வாக்குவாதம் நிகழ்ந்தது வேறோரிடத்தில். கொடுத்தவர் பெயர்களைத் தொகை வரிசையில், பெருங்கொடையாளர் தலையிலிருக்குமாறு வெளியிடவேண்டுமென்று சிலர் கூறினர். அவ்வாறு செய்தாற் கொடை பெருகும் என்பது அவர் கருத்து, அதனிலும் உண்மை இல்லாமலில்லை. நம் மொய் ஏடுகள் அறியாத உண்மையா? ஆயினும் கலயத்தில் விழுந்தபின் யார் பிடி எது என்று எவரறிவார்? அதுவே அதன் பெருமை என்று யாம் வாதிட்டோம். இரண்டு கூட்டம் கழிந்தபின், தொகையின்றிப் பெயர்கள் மட்டும் அகரவரிசையில் வெளியிடுவது, விரும்பாதார் பெயரை விடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. முதற்பட்டியலைப் படித்தபோது பெண்டிர் பெயர்கள் அடுத்தடுத்து வரக் கண்டோம். எம் பாட்டியாரை நினைத்துக்கொண்டோம்.

முதியவர்க்குச் சொல்லவேண்டிய இரண்டாம் விடையும் இங்கேதான் உளது. அவர் அச்சத்தில் ஒரு பகுதி மெய்யே. எளிதிற் கொடுத்தவன் எளிதில் மறந்தும் விடுவான். மூடைக்கு மகமை கொடுத்தவன் கணக்குக் கூட்டத்தில் எழுந்து கேட்டான், கேட்டதனாற் பெட்டி தூயதாயிருந்தது. விரலாற் தொட்டுவிட்டுப் போகின்றவன் கேட்பானா? இதற்காகவே, திங்கள்தோறும் வந்த தொகையும் சென்ற தொகையும் கொடைப் பக்கத்தின் அடியிலேயே காணும்படி வைத்திருக்கின்றோம். எழுதப் படிக்க விரும்பாதார்க்காகத் தைத் திங்கள் முதல் ஞாயிறன்று சங்க மண்டபத்திற் கணக்கு உரக்கப் படிக்கப்படும். பெண்டிரும் வந்து அமர்ந்து கேட்கவேண்டுமென்று அழைப்பிதழில் எழுதியிருக்கின்றோம்.

தைவரை காத்திருக்க ஒருவர்க்கு மனமில்லை. புரட்டாசிக் கணக்கு வெளியான மறுநாட் காலை, இட்டலி வாங்கச் சென்ற எம்மை அவ்வம்மையார் நிறுத்தி, கைப்பேசியைக் காட்டி, "அண்ணாச்சி, அச்சுக்கூலி என்று போட்டிருக்கிறதே, போன மாதத்தைவிட இரண்டு மடங்காய் இருக்கிறது. என்னத்தை அச்சடித்தீர்கள்?" என்று கேட்டார். எமக்கு விடை தெரியவில்லை. பொருளாளர் பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருக்கின்றார்.